பெயரில்லாத பெட்டிகள்: வடசென்னை ஒலிபெருக்கிகளை வாசிப்பது குறித்து

1

ஹை-ஃபை என்கிற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஃபிடெலிட்டி என்பதற்கு அகராதியில் பற்றுறுதி, வாய்மை, விசுவாசம் என்றெல்லாம் போட்டிருக்கிறது. 'உயர் விசுவாசம்' என்று மொழிபெயர்த்தால் பண்ணையார் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிற ஆள்தான் நினைவுக்கு வருகிறான். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு மரப்பெட்டி யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பாடியவருக்கா, பதிவுசெய்த கூடத்துக்கா, கம்பெனிக்கா, கேட்கிற காதுக்கா?

இந்தச் சொல்லை 1927இல் உருவாக்கியவர் தாமே என்று ஹார்ட்லி என்ற ஆங்கிலப் பொறியாளர் பின்னாளில் எழுதினார். 1960களில் மேற்கு ஜெர்மனியில் 45500 என்று எண்ணிட்ட ஒரு தர அளவையை வகுத்து, இன்ன அலைவெண் முதல் இன்ன அலைவெண் வரை, இவ்வளவுக்கு மேற்படாத திரிபுடன் ஒலித்தால்தான் ஹை-ஃபை என்று வரையறை செய்தார்கள். விசுவாசம் எண்ணாக மாறியது. ஆனால் எண் வருவதற்கு வெகு முன்பே நாடகம் நடந்து முடிந்திருந்தது. அமெரிக்காவில் எடிசன் கம்பெனி 1915 முதல் ஊர் ஊராகச் சோதனைக் கச்சேரிகள் நடத்தியது. மேடையில் பாடகியும் இசைத்தட்டுப் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். விளக்கை அணைத்துவிடுவார்கள். பாடுவது பெட்டியா, ஆளா என்று கூட்டம் கண்டுபிடிக்க வேண்டும். பாடகிகள் பெட்டியின் குரலுக்கு ஏற்பத் தங்கள் குரலை அடக்கிப் பாடப் பழகிக்கொண்டார்கள். நகலைப் பார்த்து மூலம் நடித்தது! ஜோனதன் ஸ்டெர்ன் ஒலிமீட்பின் தோற்றம் பற்றி 2003இல் வெளியிட்ட நூலில், மூலம் என்று நாம் நம்புவதும் நகலும் ஒரே சமூக ஏற்பாட்டுக்குள் சேர்ந்தே உருவாகின்றன என்று வாதிடுகிறார். மூல ஒலி எங்கோ தூய்மையாக இருந்தது, பெட்டி அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்தது என்ற கதையாடல் இதனால் ஆட்டம் காண்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் எழுத வந்தது வெளிநாட்டுப் பெட்டிகளைப் பற்றி அல்ல. நான் வசிக்கும் அத்திப்பட்டு தொடங்கி எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் வரை வீடுகளின் பரண்மேலும், மூடிக்கிடக்கும் ரெக்கார்டிங் கடைகளிலும், காயலான் கடைக் குவியல்களிலும் சில ஆண்டுகளாக நான் பார்த்துவரும் உள்ளூர் ஸ்பீக்கர் பாக்ஸ்களைப் பற்றி. இவற்றில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. பழைய ஒலிக்கருவிகள் சேகரிப்பவர்களின் உலகத்தில் பெயர் இல்லாத பொருள் பொருளே அல்ல. ஆகவே இவை எடைக்குப் போகின்றன. இவற்றை அடையாளம் காண வேறொரு வாசிப்பு முறை வேண்டும், அந்த முறை நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

2

ஒலிபெருக்கிக்குத் தமிழ்நாட்டில் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று தெருவில் கட்டிய குழாயின் வரலாறு. மற்றது வீட்டுக்குள் இருந்த பெட்டியின் வரலாறு. முதலாவது ஓரளவு எழுதப்பட்டுவிட்டது, காரணம் அது அரசியலின் வரலாறாகவும் இருக்கிறது.

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16இல் தொடங்கிய மாகாண ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பண நெருக்கடியால் 1927இல் நின்றுபோனது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தானே ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இது நடந்தது. ரேடியோ வாங்க முடியாத மக்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. அதாவது இந்த நகரத்துச் சாதாரண ஜனங்கள் ஒலிபெருக்கியை முதலில் சந்தித்தது பொது இடத்தில், கூட்டமாக நின்றுகொண்டு.

காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்த மோட்வானே குடும்பத்தின் சிகாகோ ரேடியோ கம்பெனியின் பெயர், தலைவர்களின் முகத்துக்கு முன்னால் மைக்கில் எழுதியிருக்கும். பழைய புகைப்படங்களில் இப்போதும் பார்க்கலாம். பெயர் சிகாகோ, கம்பெனி பம்பாய். பெயர்ப்பலகையை நம்பி ஒரு பொருளின் பிறப்பிடத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டுகிற மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். மேடைத் தமிழுக்கும் ஜனநாயகத்துக்கும் இருந்த உறவைப் பற்றி பெர்னார்ட் பேட் 2009இல் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

வீட்டுப் பெட்டிக்கு இப்படி ஒரு வரலாற்றாசிரியர் வரவில்லை. அது அரசியலுக்கு வெளியே இருந்த பொழுதுபோக்குச் சாமான் என்று நாமே நினைத்துக்கொண்டதுதான் காரணம்.

3

காகிதக் கூம்பின் அடியில் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிக் காந்தம் என்று இன்று நாம் பார்க்கும் ஸ்பீக்கரின் அமைப்பை ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். நூறு ஆண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. மாறியதெல்லாம் பெட்டிதான். எட்கர் வில்ச்சர் 1954இல் காற்றுப் புகாத சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான கீழ் ஒலியை வரவழைத்துக் காட்டினார். அதுவரை பீரோ அளவில் இருந்த பெட்டி புத்தக அலமாரியில் உட்காரும் அளவுக்கு வந்தது. ஏழை நாடுகளுக்கு இது முக்கியமான மாற்றம். சின்னப் பெட்டியை ஒரு தச்சர் ஒரே நாளில் செய்துவிடலாம்.

இந்தியாவில் 1960, 70களின் இறக்குமதிக் கட்டுப்பாடும் கனத்த சுங்க வரியும் சேர்ந்து வெளிநாட்டு ஹை-ஃபையைக் கண்ணால் மட்டும் பார்க்கும் பொருளாக்கின. அந்த இடைவெளியில் உள்நாட்டுத் தயாரிப்புகள் வளர்ந்தன. பிலிப்ஸ் 1930இலேயே கல்கத்தாவில் கடை விரித்து, 1948இல் அங்கே ரேடியோ செய்ய ஆரம்பித்திருந்தது. டெல்லி அகுஜா 1940இல் தொடங்கியது. கல்கத்தா சோனோடைன் 1970இல் வந்தது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1941இலேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்துதர முடியும் என்று அறிவித்தார். யு.எம்.எஸ். ரேடியோ என்ற பெயரைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

இவை பெயருள்ள தயாரிப்புகள். இவற்றுக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருந்தது. ரிச்சி தெருவில் ஸ்பீக்கரை மட்டும் உதிரியாக வாங்கி, வீட்டுக்குப் பக்கத்துத் தச்சரிடம் பெட்டி அடித்து, ஐ.டி.ஐ. படித்த யாரோ ஒருவரிடம் கொடுத்து ஒயர் சேர்த்துக்கொள்கிற அடுக்கு. வடசென்னையில் இது செழித்ததற்குக் காரணங்கள் உண்டு. அசோக் லேலண்ட், என்ஃபீல்ட், எம்.ஆர்.எஃப்., விம்கோ என்று வரிசையாக ஆலைகள். மரத்தையும் உலோகத்தையும் மின்சாரத்தையும் கையாளத் தெரிந்த ஆட்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். 1965இன் போனஸ் சட்டமும், பின்னால் 8.33 சதவீதமாக உயர்ந்த குறைந்தபட்ச போனஸும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கையில் கொடுத்தன. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே வந்த அந்தப் பணத்தில் முதலில் துணி, அப்புறம் பித்தளைப் பாத்திரம், அப்புறம் டேப்ரெக்கார்டர், அதன்பின் 'பாக்ஸ்'. இன்னொரு பக்கம் துறைமுகம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1960களில் உருவான பர்மா பஜாரில் ஜப்பான் செட்டுகளைப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், அளவெடுத்துக்கொண்டும் வரலாம். உள்ளூர்ப் பெட்டிகள் பலவற்றின் முகப்பு இப்படி அளவெடுத்து வந்ததுதான்.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் 1980களில் நம்மூரில் பெருகியபோது இந்த அடுக்கு உச்சத்துக்குப் போனது. ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான முதல் தமிழ்ப்படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1978இல் வந்த 'பிரியா'. ஸ்டீரியோ என்றால் இரண்டு பெட்டி. பல வீடுகளில் ஒரு பெட்டி இந்த வருஷ போனஸில், அடுத்தது அடுத்த வருஷ போனஸில். ஜோடிப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று நிறமும் மரமும் மாறி இருப்பதைப் பார்த்தால் கேலி செய்ய வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகம்.

4

சரி, எப்படி அடையாளம் காண்பது? எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ராயபுரத்தில் நெடுங்காலம் கோன் மாற்றும் வேலை செய்த ஒரு பெரியவர். முதல் நாளே சொன்னார்: "இன்னா தம்பி, பேர்ப் பலகையத் தேடினுகீற? அது எட்டணாவுக்குக் கெடைக்கும். திருப்பிப் போடு. முதுகப் பாரு."

ஆகவே முதுகிலிருந்து தொடங்குவோம். பின்பலகை திருகு போட்டுக் கழற்றும்படி இருந்து, ஸ்பீக்கரை உள்ளிருந்து முன்பலகையில் பொருத்தியிருந்தால் பெரும்பாலும் பழைய முறை, ரேடியோப் பெட்டி செய்த கையின் பழக்கம். முன்பக்கத்திலிருந்தே ஸ்பீக்கரைப் பதித்துத் திருகியிருந்தால் பிற்காலத்தது. திருகின் தலையில் ஒற்றை வெட்டா, நட்சத்திர வெட்டா என்று பார்க்க வேண்டும். மூலைகளில் பல் வெட்டிக் கோத்திருந்தால் செய்தவர் முறையாகத் தொழில் கற்ற தச்சர். ஆணி மட்டும் அடித்திருந்தால் அவசரம். பசை இன்னொரு சாட்சி. பழுப்பாகக் கண்ணாடிபோல் உடைந்து உதிர்ந்தால் வச்சிரம். வெள்ளையாக, உரித்தால் தோல்போல் வந்தால் 1959இல் சந்தைக்கு வந்த ஃபெவிகாலின் வகை.

மரம் எது? தேக்கு பிளை, பிளாக் போர்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மூன்றும் மூன்று காலத்தையும் மூன்று வருமானத்தையும் சொல்லும். தூள்பலகை நம் கடற்கரை ஈரத்தில் ஊதிவிடும். எண்ணூரில் நான் திறந்து பார்த்த ஒரு பெட்டியின் உள்பக்கத்தில் கறுப்பு மையில் அச்சு எழுத்துகள், ஒரு அம்புக்குறி, பாதி வெட்டுப்பட்ட எண்கள் இருந்தன. கப்பலில் வந்த இயந்திரத்தின் பேக்கிங் கேஸ் மரம் அது. வெளியே சன்மைகா ஒட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே அடைத்திருந்தது தலையணைப் பஞ்சு. துறைமுகம், ஆலை, படுக்கையறை மூன்றும் ஒரே பெட்டிக்குள்.

அடுத்தது ஸ்பீக்கர். காந்தம் சின்ன டப்பா மாதிரி மூடியிருந்தால் உள்ளே அல்னிகோ இருக்க வாய்ப்பு அதிகம். தட்டையான கறுப்பு வளையமாக வெளியே தெரிந்தால் ஃபெரைட். 1970களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை தாறுமாறாக ஏறியது. உலகம் முழுக்க ஸ்பீக்கர் கம்பெனிகள் அல்னிகோவைக் கைவிட்டதில் இதற்குப் பெரிய பங்குண்டு. காங்கோவின் சுரங்கத்துக்கும் திருவொற்றியூர்த் தச்சருக்கும் நடுவே இப்படி ஒரு கண்ணி இருக்கிறது.

பிலிப்ஸ் ஸ்பீக்கரில் எண்ணே ஒரு மொழி. ஏ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் முதல் இலக்கம் அல்லது முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தை அங்குலத்தில் உணர்த்தும். சாய்கோட்டுக்குப் பின் டபிள்யூ என்றால் ஊஃபர், டி என்றால் ட்வீட்டர், எம் என்றால் கோனுக்குள் இன்னொரு சின்னக் கோன் வைத்த முழுவீச்சு ஸ்பீக்கர். கடைசி எண் ஓம். ஏ.டி. 7063/எம் 8 என்று இருந்தால் ஏழு அங்குலம், இரட்டைக் கோன், எட்டு ஓம். ஏ.டி. 0160/டி 8 என்றால் ஒரு அங்குல ட்வீட்டர். கோனின் அளவும் எண்ணும் ஒத்துவராவிட்டால் ஸ்டிக்கர் போலி. போலி ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்பீக்கர்கள் நிறையவே உண்டு, அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எந்தப் பெயரைப் போலி செய்தால் மதிப்பு என்று அந்தக் காலம் நினைத்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரும் ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரியும் போதும். எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறத்தாழ ஆறு முதல் ஏழு வரை காட்டும், அதைப் பார்த்து கெட்டுவிட்டது என்று சொல்லக் கூடாது. பேட்டரியின் நேர்முனையைச் சிவப்புப் புள்ளியில் தொட்டால் பொதுவாகக் கோன் வெளியே எழும்ப வேண்டும். இரண்டு கட்டைவிரலாலும் சமமாக மெதுவாக அழுத்தி விடும்போது கரகரவென்று உராய்ந்தால் காயில் இடித்துக்கொண்டிருக்கிறது. அத்திப்பட்டில் இந்தக் கரகரப்பு அதிகம். உப்பளக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் ஓடத் தொடங்கிய பிறகு நிலக்கரிச் சாம்பலும் சேர்ந்துகொண்டது. அந்தச் சாம்பலில் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகள்கள் உண்டு. காந்த இடைவெளியில் அவை புகுந்தால் சுலபத்தில் வெளியேறாது. 1970 முதல் 2017 வரை ஓடி மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் பக்கத்து வீட்டுப் பெட்டிகளிலும் இதே கதைதான். இந்தப் பெட்டிகளின் பழுதில்கூட ஊரின் பெயர் எழுதியிருக்கிறது.

ஓரத்தில் ஃபோம் வைத்த கோன் பதினைந்து, இருபது வருஷத்தில் தானாகவே பொடியாக உதிரும். காகித மடிப்போ துணி மடிப்போ வைத்தது இன்றும் நிற்கும். விலை குறைந்த பழைய ஸ்பீக்கர்களில் பல இன்று உயிரோடு இருப்பதும் விலை உயர்ந்தவை செத்துக் கிடப்பதும் இதனால்தான்.

கடைசியாக, ட்வீட்டருக்குப் போகும் வழியில் இருக்கும் ஒற்றைக் கெப்பாசிட்டர். இதைத்தான் நான் மிகவும் விரும்பி வாசிக்கிறேன். எட்டு ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் ஏறத்தாழ 4200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிதான் ட்வீட்டருக்கு முழுசாகப் போகும். 2.2 போட்டிருந்தால் எல்லை 9000ஐத் தாண்டிவிடும். பெட்டி செய்தவர் குரலை எந்தக் கோனிடம் ஒப்படைத்தார் என்பது இந்தச் சின்ன எண்ணில் இருக்கிறது. அவர் கையெழுத்து என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

5

பெட்டி வாங்கவும் வழியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? மண்பானை வாங்கினார்கள். பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தோ நிமிர்த்தியோ வைத்து, டீக்கடையிலும் பேச்சிலர் அறையிலும் கேட்ட தலைமுறை ஒன்று தமிழ்நாடு முழுக்க இருந்தது. இதை வறுமையின் கோமாளித்தனமாக நினைவுகூர்வதே வழக்கம். கொஞ்சம் நின்று யோசிக்கலாம். கோனின் முன்புற ஒலியும் பின்புற ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கீழ் ஒலி காணாமல் போகும். பெட்டியின் முதல் வேலை பின்புற ஒலியை அடைப்பது. பானை அதைச் செய்கிறது. தட்டையான பலகைபோல் அதன் சுவர் அதிராது. எதிரெதிர்ச் சுவர் இல்லாததால் பெட்டி மூலைகளில் எழும் அலைக் குழப்பமும் குறைவு. அமெரிக்காவில் ஹாரி ஓல்சன் 1951இல் பன்னிரண்டு வடிவங்களில் கூடு செய்து ஒரே ஸ்பீக்கரை வைத்து அளந்து பார்த்தார். மிகச் சீராக ஒலித்தது உருண்டை. ஓல்சன் கையில் அளவுகோல் இருந்தது, டீக்கடைக்காரரிடம் குயவர் இருந்தார்.

பானையை ஹை-ஃபை என்று நான் நிறுவ முயலவில்லை. வாயை மேல்நோக்கி வைத்தால் மேல் ஒலி கூரைக்குப் போய்விடும், கேட்பவருக்கு மந்தமாகத்தான் வரும். ஆனால் ஓர் அறிவு ஆய்வுக்கூடத்தில் நடந்தால் அதற்குப் பெயர், தேதி, மேற்கோள். தெருவில் நடந்தால் நகைச்சுவைத் துணுக்கு. இந்தப் பாகுபாட்டின் அதிகாரத்தைத்தான் சுட்ட விரும்புகிறேன்.

6

ரசிப்பது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். சேகரிப்பாளர்கள் ஒரு பழைய பெட்டியை வாங்கியதும் வெளிநாட்டு ஜாஸ் தட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். 'மிட் தூக்கலா இருக்கு, பேஸ் இல்லை' என்று தீர்ப்பு. யாருடைய காதால் கேட்கிறோம் என்பது அங்கே மறைக்கப்படுகிறது. ஆறு முதல் எட்டு அங்குலக் காகிதக் கோன் 2000க்கும் 4000 ஹெர்ட்ஸுக்கும் நடுவே கொஞ்சம் எழும்பி ஒலிப்பது சகஜம். மனிதப் பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவாவது அந்தப் பகுதியில்தான். சினிமாப் பாட்டை வார்த்தைக்காகக் கேட்ட சமூகம் இது. 'வார்த்த தெளிவா விழணும்' என்பதுதான் பெட்டி செய்தவரிடம் வாடிக்கையாளர் சொன்ன தர அளவை. அதற்கு எண் கிடையாது, ஆனால் அளவை உண்டு.

அறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறை, சிமெண்டுத் தரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பெட்டி சுவர் மூலையில், அலமாரி மேல். மூலையில் வைத்தாலே கீழ் ஒலி கூடும். அதைத் தெரிந்துதான் பெட்டியில் பேஸைக் குறைவாக வைத்தார்கள். பெட்டியை மூலையிலிருந்து பிடுங்கி நவீன ஹாலின் நடுவில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு பேஸ் இல்லை என்பது, கடலோரக் கட்டுமரத்தை நீச்சல் குளத்தில் போட்டுவிட்டு ஓடவில்லை என்று சொல்வதுபோல.

இதோடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி வாங்கிய போனஸ் பெரும்பாலும் ஆணுடையது. ஷிப்டுக்குப் போன பின் பகலெல்லாம் அதைக் கேட்டவர்கள் பெண்கள். பல பெட்டிகளின் மேல்பலகையில் மட்டும் நிறம் மங்காமல் ஒரு சதுரம் தெரியும். குரோஷா பின்னல் துணி போர்த்தியிருந்த இடம் அது. ஸ்பீக்கரைப் பற்றிய ஆண்களின் பேச்சில் வராத ஒரு கேட்போர் கூட்டம் தன் இருப்பை இப்படித்தான் பதிவு செய்திருக்கிறது. பாலீஷ் போட்டு 'புதுசாக்கி' விற்பவர்கள் முதலில் தேய்த்து அழிப்பது அந்தச் சதுரத்தை.

1991க்குப் பின் சந்தை திறந்தது. பிளாஸ்டிக் உடம்பும் மின்னும் விளக்குகளுமாக வந்த செட்டுகளின் நெற்றியில் ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருந்தது. ஒரு கண நேர உச்சத்தை இஷ்டத்துக்குப் பெருக்கிச் சொல்லும் எண் அது. தொடர்ந்து ஒலிக்கக்கூடிய திறன் அதில் மிகச் சிறிய பங்குதான். அந்த ஆயிரத்துக்கு முன்னால், முதுகில் 'பத்து வாட், எட்டு ஓம்' என்று பேனாவால் எழுதிய உள்ளூர்ப் பெட்டி தோற்றுப்போனது. விசுவாசம் பற்றிப் பேசுவதானால், எந்த எண் விசுவாசமானது?

7

இப்போது இந்தப் பெட்டிகளுக்கு என்ன நடக்கிறது? காந்தமும் செம்பும் எடைக்கு. பெயருள்ள ஸ்பீக்கராக இருந்தால் அதை மட்டும் பிடுங்கிக்கொண்டு பெட்டி அடுப்புக்கு. பெயருள்ள ஒரு சில பெட்டிகள் நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தை உதிர்த்துவிடும் என்று 1930களில் வால்டர் பெஞ்சமின் எழுதினார். மறுஉற்பத்தி செய்யும் இயந்திரத்தின் தலைக்கே அந்த ஒளிவட்டம் திரும்ப வரும் என்பதை அவர் பார்க்கவில்லை. கோன் மாற்றியிருந்தால் 'ஒரிஜினல் இல்லை' என்று விலை விழுகிறது. மாற்றாத கோனோடு மௌனமாகக் கிடக்கும் பெட்டி அலமாரிக்கு அழகு. மாற்றிய கோனோடு பாடும் பெட்டி? அரிவாளுக்கு மூன்று முறை பிடி மாற்றியவன் அதை வேறு அரிவாள் என்று சொல்வதில்லை. ராயபுரத்துப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்: "கோன் மாத்தலன்னா அது ஊமை, தம்பி. ஊமைக்கு எதுக்கு அவ்ளோ வெல?"

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கையில் மூலம் இருக்கவில்லை, படிகள்தான் இருந்தன. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துத்தான் பதிப்பு உருவானது. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே குடிவழி என்பது மூலபாட ஆய்வின் பாலபாடம். பெட்டிகளுக்கும் இது பொருந்தும். திருவொற்றியூரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வீடுகளில் நான் பார்த்த பெட்டிகளில் ட்வீட்டரின் ஒயர்களை முனைமாற்றி இணைத்திருந்தார்கள். பிழையா, வேண்டுமென்றே செய்ததா? இரண்டுக்கும் இடமுண்டு. அந்த வகை இணைப்பில் சிலர் குரல் சேரும் இடத்தைச் சரிசெய்ய அப்படிச் செய்வதுண்டு. இரண்டிலும் அதே 2.2 கெப்பாசிட்டர், அதே பச்சை வலைத்துணி, மூலையில் அதே பல்வெட்டு. ஒரே கை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அந்தக் கைக்குப் பெயர் தெரியாது.

பெயர் தெரியாதவரை என்ன சொல்லி அழைப்பது என்பதற்கும் நம்மிடம் ஒரு மரபு இருக்கிறது. குறுந்தொகையில் பெயர் மறைந்துபோன புலவர்களை அவர்கள் பாட்டிலிருந்த தொடரைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று அழைத்தார்கள். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் இருக்கிறார். பெயர் இல்லை என்பதற்காக அந்தப் பாட்டுகளை யாரும் தொகைக்கு வெளியே வீசவில்லை. வேலைப்பாட்டிலிருந்தே பெயரை எடுத்தார்கள். அப்படியானால் திருவொற்றியூர்ப் பெட்டி செய்தவர் 'பச்சைவலையார்', எண்ணூர்ப் பெட்டி செய்தவர் 'கப்பற்பலகையார்'. நான் என் நோட்டில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பெட்டி கிடைத்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. எந்தத் தெருவில், யார் வீட்டில், எந்த வருஷ போனஸில் வாங்கியது என்று கேட்டுப் பின்பலகையின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். கெப்பாசிட்டர் மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள், பழையதை ஒரு உறையில் போட்டு உள்ளேயே விடுங்கள். கோன் போயிருந்தால் மாற்றிப் பாட விடுங்கள். மேலே அந்த நிறம் மங்காத சதுரம் இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள். ஆலைகளின் முதலாளிகளுக்கு ஆண்டு மலர்கள் இருக்கின்றன. தொழிற்சங்கத்துக்குத் தீர்மானப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தத் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்கு வந்து எதை, எப்படிக் கேட்டான், அவன் மனைவி பகலில் எதைக் கேட்டாள் என்பதற்கு இருக்கும் ஆவணம் இந்தப் பெட்டிதான். அது இப்போது கிலோ கணக்கில் விற்கப்படுகிறது.